பேச்சுக்கு முதலிடம்

"நாலு மணிக்குள்ள முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க தம்பி."

வீட்டுக்காரர் இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்திருந்த நெட்காரர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த ரூட்டரை நிமிர்ந்து பார்த்தார். மணி மூன்று முப்பத்தைந்து.

"முதல்ல என்ன கோளாறுன்னு சொல்லுங்க சார்."

"என் பையன் நாலு மணிக்குக் கூப்பிடுவான். மாசத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவான். நெட் வழியாத்தான் பேசுவான், வேற எதுலயும் பேச மாட்டான். போன மூணு தடவையும் பாதியில அறுந்துபோச்சு."

"நாங்க பேசறது அவனுக்குக் கேக்குது" என்றார் அவர் மனைவி. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "அவன் பேசறதுதான் கரகரன்னு வந்து நின்னுபோகுது. போன மாசம் 'நான் வரணும்னா'ன்னு ஆரம்பிச்சான். அவ்வளவுதான். வரணும்னா என்னன்னு முப்பது நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கோம்."

"நீங்க திருப்பிக் கூப்பிடலாமேம்மா?"

"எடுக்க மாட்டான். நாங்கதான் பேச்ச வெட்டிட்டோம்னு நினைச்சுக்குவான்."

மகள் நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தாள். "வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். என் தம்பி இல்லாம வேண்டாம்னு ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. மூணாவது தடவையும் தள்ளினா மாப்பிள்ளையே மாறிடுவார்."

"அவரைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

"பதினோரு மாசம்."

"ரொம்ப தூரத்துல இருக்காரோ?"

"தூரந்தான்" என்றார் வீட்டுக்காரர்.

நெட்காரர் லேப்டாப்பில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்ததும் புருவத்தைச் சுருக்கினார். "இதுல யாரோ கை வெச்சிருக்காங்களே?"

"நான்தான். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன். இவ போனுக்கு முதலிடம் குடுத்து வெச்சேன்."

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. டாக்டர் வாசல்ல எல்லாரும் டோக்கனோட நிக்கறப்ப, பிரசவ வலியோட வந்தவங்களை நேரா உள்ள விடுவாங்க இல்ல? அந்த மாதிரி அம்மா போன் வந்தா மத்ததெல்லாம் ஒதுங்கி நிக்குது. அப்ப கோளாறு உங்க பக்கம் இல்ல சார், பையன் பக்கம். அங்க யாரையாவது விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் பக்கத்துல யாரும் கைவைக்க முடியாது தம்பி" என்ற வீட்டுக்காரர் சற்று யோசித்தார். "ஒண்ணு செய்யலாமா? இந்தப் போனுக்கு மட்டும்னு இல்லாம, பேச்சுக்கு முதலிடம்னு போட முடியுமா? எந்த மெஷின்ல இருந்து போனாலும் சரி, பேச்சா இருந்தா வழி விடணும்."

"போடலாம். ஆனா உங்களுக்கு எதுக்கு சார்? இந்த வீட்டுல பேசப்போறது அம்மா போன் ஒண்ணுதானே?"

"நீங்க போடுங்க."

கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டுக் கிளம்புவோம் என்று நெட்காரர் பட்டியலைத் திறந்தார். "டிவி, வாசல் கேமரா, உங்க பொண்ணு லேப்டாப்... இதென்ன, பெரிய மெஷின் ஒண்ணு ராப்பகலா நெட்டை உறிஞ்சிக்கிட்டு இருக்கு? இதைத் துண்டிச்சுட்டா..."

"அதத் தொடாதீங்க!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"என்ன சார், ஷேர் மார்க்கெட்டா?" என்று நெட்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மணி மூன்று ஐம்பத்தாறு.

"மாத்திட்டேன். இனி ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடணும். ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்."

"இப்பவா?" அம்மா பதறிப்போய் எழுந்தார். "அந்த நேரம் பார்த்து அவன் கூப்பிட்டுட்டா?"

"அணைக்காட்டி மாத்தினது வேலை செய்யாதும்மா."

மகள்தான் எட்டிப்போய் சுவிட்சைத் தட்டினாள்.

பச்சை விளக்குகள் செத்தன. பத்து எண்ணிவிட்டு மறுபடி தட்டினாள். ஒரு விளக்கு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது, வருவேனா மாட்டேனா என்று மினுக்கிக்கொண்டே இருந்தது. மூன்று ஐம்பத்தொன்பதுக்கு அதுவும் நிலைத்தது.

போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா."

குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக ஒலித்தது.

"சொல்லுப்பா. இந்தத் தடவை அறுந்துபோகாது."

"நான் வரணும்னா, ஏன் இப்படிப் பண்ணேன்னு யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. பரீட்சை பேச்சை எடுக்கக் கூடாது. அழக் கூடாது."

"அழ மாட்டோம்டா" என்ற அம்மாவின் கன்னத்தில் ஏற்கெனவே நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா?"

"நான் வாயே திறக்க மாட்டேன்டா."

"வாயத் திறக்காம இத எப்படிச் சொன்னீங்க?"

மகள் சிரிப்பும் விம்மலுமாகத் தம்பியின் பெயரைச் சொல்ல வாயெடுத்துச் சொல்ல முடியாமல் நின்றாள்.

"எப்பப்பா வர்றே?" என்றார் அம்மா.

பதில் இல்லை. அம்மா மிரண்டுபோய் நெட்காரரைப் பார்த்தார். அவர் திரையைப் பார்த்துவிட்டு, லைன் இருக்கிறது என்று கையைக் காட்டினார்.

"இப்பவே" என்றது போன்.

பேச்சு முடிந்தது. நெட்காரர் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அங்கிருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

வீட்டுக்காரர் மாடிப் பக்கம் திரும்பினார்.

"பதினாறு படிதான் தம்பி."

மேலே, பதினோரு மாதமாக உள்பக்கம் தாழிட்டிருந்த அறையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.