பல லட்சத் தள்ளுவண்டி

"வாங்குறதுதான் வாங்கினான், ஸ்டார்ட் ஆகுற வண்டியாப் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் இப்படிக் கேட்டதும் கேட் பக்கம் நின்றிருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது.

மூன்று மாதமாக அங்கே சாயங்காலச் சிரிப்புக்கு ஒரே விஷயம்தான். மூன்றாம் மாடி லேப் டெக்னீஷியனின் பைக்.

பந்தயத்தில் பறக்க வேண்டிய கறுப்பு வண்டி. விலை பல லட்சம். அதில் அவன் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தான். பின்சீட்டில் சாம்பிள் டப்பா, டேங்க் மேல் காய்கறிப் பை.

அதையாவது ஓட்டினால் சரி. விடிகாலை ஐந்து மணிக்குத் தள்ளிக்கொண்டே போவான். மத்தியானம் இரண்டு மணிக்கு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போதும் தள்ளிக்கொண்டே வருவான். அந்தப் பெண் தலையில் ஹெல்மெட்டோடு பக்கத்தில் நடந்து வருவாள்.

"வந்த முதல் நாள் ஒரு கத்து கத்துச்சு. அதோட வாயை மூடிக்கிச்சு," என்றார் வாட்ச்மேன்.

"பின்னே? யானையைக் கட்டித் தீனி போடுறதுன்னா சும்மாவா?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

இந்தக் கூத்தைச் செயலாளர் மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. அந்த இரண்டு நேரமும் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

"புது மாத்திரை அருமையா வேலை செய்யுது. மூணு மாசமா காலையில ஏழு மணி வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஓடாத வண்டிக்குப் பார்க்கிங்கில் இடமில்லை. யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. செயலாளர் புதுக் கார் வாங்கினார். பக்கத்தில் நின்ற பைக்கால் கார் கதவைத் தாராளமாகத் திறக்க முடியவில்லை. உடனே விதி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டினார்.

டெக்னீஷியன் பதறிக்கொண்டு வந்தான்.

"சார், வண்டி நல்லா ஓடும் சார். வேணும்னா இப்பவே ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா?"

"ஒரு தடவை ஸ்டார்ட் ஆனா ஆச்சா? தினமும் தள்றியே, ஊரே பார்த்துச் சிரிக்குது. நல்லா ஓடுற வண்டியை எவனாவது தள்ளுவானா?"

அவன் எதையோ சொல்ல வந்து, மென்று விழுங்கினான். "அது... அப்படியே பழகிப்போச்சு சார்."

"ரூல்னா ரூல் தம்பி."

"தெருவுல நிறுத்தினா ஒரே நாள்ல காணாமப் போயிடும் சார். வித்துடத்தான் வேணும். எட்டு வருஷம் சேர்த்து வாங்கினது..."

"ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. போட்டோ ஆதாரத்தோட வர்றேன். அங்கே பேசிக்கலாம்."

மறுநாள் அலாரம் வைத்து எழுந்தார் செயலாளர். செல்போனும் கையுமாகத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

சரியாக ஐந்து மணிக்கு அவன் வந்தான். சைடு ஸ்டாண்டைக் காலால் தட்டவில்லை. குனிந்து, கையால் பிடித்து மெதுவாக மடக்கினான். கேட் வாசல் மேட்டில் இருநூறு கிலோ வண்டியைத் தோள் கொடுத்து, நெற்றி நரம்பு புடைக்கத் தள்ளி ஏற்றினான்.

மூன்று போட்டோ கிடைத்துவிட்டது. திரும்பிப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால், இவன் எதுவரைக்கும்தான் தள்ளுவான் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. பின்னாலேயே நடந்தார்.

பூங்கா மதிலைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, பஸ் போகும் பெரிய ரோட்டு முனை வரைக்கும் தள்ளினான். சும்மா கை வீசி நடந்த செயலாளருக்கே மூச்சு வாங்கியது.

முனையில் அவன் ஏறி உட்கார்ந்து பொத்தானைத் தொட்டான்.

ஒரே தொடுகை. அவ்வளவுதான்.

அந்த உறுமல் செயலாளரின் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. பூட்டியிருந்த கடையின் ஷட்டர் கிடுகிடுத்தது. வாயைப் பிளந்தபடி நின்றார். இத்தனை பலத்தை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. இதையா இவன் தினமும் கன்றுக்குட்டி மாதிரி நடத்திக்கொண்டு வருகிறான்?

"தம்பி!" என்று கத்தினார். "இப்படி ஓடுற வண்டியை எதுக்குய்யா தள்றே?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். சட்டென்று இன்ஜினை அணைத்தான். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம்.

"ஒண்ணுமில்ல சார்... வண்டி வாங்கின மறுநாள் உங்க வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்தேனே, ஞாபகமிருக்கா? ராத்திரி பூரா தூக்கம் வர்றதில்ல, விடியற நேரத்துலதான் கொஞ்சம் கண்ணசருதுன்னு சொன்னீங்க. மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்னு உங்க வீட்டம்மாவும் சொன்னாங்க. உங்க பெட்ரூம் ஜன்னல் பார்க்கிங்குக்கு நேர் மேலதானே சார்? அதான் ரெண்டு நேரமும்..."

மூன்று மாதமாக அந்த மாத்திரைக்குச் செயலாளர் கொடுத்த நற்சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கையிலிருந்த செல்போனை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உறுமிய வண்டியைவிட அதன் மேல் கூசிப்போய் உட்கார்ந்திருந்தவன் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தான்.

அவனோ கவலையோடு கேட்டான்:

"ஆமா, இன்னைக்கு ஏன் சார் இவ்வளவு சீக்கிரம் முழிச்சிட்டீங்க? ஸ்டாண்டு மடக்கின சத்தம் கேட்டுடுச்சா?"