எதுவும் ஆகாத ஐந்து பேர்

"இல்லைங்க, பூண்டு துளி பட்டாலும் ஆகாது. அதே கரண்டியைக்கூட போடக் கூடாது."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஃபோட்டினி சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கையில் ஒரு காகிதம். அதில் மெல்போர்ன் உணவகங்களின் பெயர்களை எழுதி, பதினொன்றை ஏற்கெனவே அடித்திருந்தாள்.

"சரி மேடம், பண்ணிடலாம். கோதுமை இல்லாம, வெங்காயம் பூண்டு இல்லாம, பால் இல்லாம. ஞாயித்துக்கிழமை மதியம் ஆறு பேர். என்ன பேர்ல எழுதிக்கட்டும்?"

ஃபோட்டினி சட்டென்று நின்றாள். நகத்தைக் கடித்தாள்.

"ஐயோ, எலுமிச்சை! சொல்ல மறந்துட்டேன். ஒருத்திக்கு எலுமிச்சையும் ஆகாது."

எதிர்முனையில் பெருமூச்சு. "மேடம், இது மீன் கடை. எலுமிச்சை இல்லாம நாங்க தண்ணிகூட வைக்கிறதில்ல."

"அப்போ விடுங்க." பன்னிரண்டாவதையும் அடித்தாள்.

சோபாவில் காபியோடு உட்கார்ந்திருந்த அம்மா டெஸ்பினாவால் தாங்க முடியவில்லை. "ஏண்டி, பொறந்த நாள் உனக்கு. நீ நினைச்ச கடைக்குப் போக வேண்டியதுதானே?"

"கூப்பிடுறவதாம்மா எல்லார் வயித்தையும் பார்க்கணும். இந்த ஊர்ல மூணு பேர் சேர்ந்தா ரெண்டு பேருக்கு ஏதாவது ஒண்ணு ஆகாது."

"எங்க வீட்ல ஆகாதுன்னு வாயைத் திறந்தா முதுகுல ஒண்ணு விழும். எல்லாம் ஆயிடும்."

"அம்மா!"

"சரி சரி. இன்னும் ஒரு கடை பாக்கி இருக்கே."

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியாதாக்கும். நார்த்கோட்ல உன் தம்பி கடை."

ஃபோட்டினி பால்கனிக் கதவை வேகமாக இழுத்துச் சாத்தினாள். உடனே மறுபடி திறந்தாள்.

ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை. தம்பி லாம்ப்ரோஸ் கடை திறந்த அன்று, முதல் தட்டு ஆக்டோபஸை வாயில் வைத்ததும், வந்திருந்த அத்தனை பேர் நடுவிலும் அவள் சொன்னாள்: "அப்பா உயிரோட இருந்தா இதைத் துப்பியிருப்பாரு."

"இனி என் கடை வாசலை மிதிக்காதே" என்றான் அவன். "நீ கால்ல விழுந்து கூப்பிட்டாலும் மிதிக்க மாட்டேன்" என்றாள் இவள். அதன் பிறகு ஈஸ்டருக்குக்கூட அம்மா வீட்டுக்கு அவன் காலையில் வந்தால், இவள் மாலையில்தான் வருவாள்.

"அவன் கடைக்கா? செத்தாலும் மாட்டேன்." நான்கு முறை அறையைச் சுற்றி வந்தாள். பிறகு அந்தக் காகிதத்தை அம்மா மடியில் போட்டாள். "வேணும்னா நீ கேட்டுப் பாரு. எனக்காக இல்ல. நான் கூப்பிட்ட அஞ்சு பேருக்கும் வேற எங்கயும் சோறு கிடைக்கல, அதுக்காக."

டெஸ்பினா போனில் ஒவ்வொன்றாகப் படித்தாள். கோதுமை, வெங்காயம், பூண்டு, பால், எலுமிச்சை. ஃபோட்டினி முதுகைக் காட்டிக்கொண்டு, காய்ந்த பாத்திரங்களையே திரும்பத் துடைத்தாள்.

"பண்றானாம். எலுமிச்சைக்குப் பதிலா வினிகராம்."

"யாருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டான்."

சனிக்கிழமை காலை, கூட வேலை பார்க்கும் ஹேமிஷ் கூப்பிட்டான். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசினான். "எந்தக் கடைன்னு முடிவாச்சா?"

"எங்கடா இருக்க?"

"சனிக்கிழமை காலையில எங்க இருப்பேன்? ஹார்டுவேர் கடை வாசல்ல வாரா வாரம் சுட்டு விக்கிறாங்களே, அங்கதான். சாஸேஜ் ரொட்டி, ரெண்டாவது ரவுண்டு."

"நாளைக்கு ஒரு மணி. நார்த்கோட். என் தம்பி கடை."

மெல்லுவது நின்றது. "உனக்குத் தம்பி இருக்கானா?"

"கேள்வி கேக்காம வந்து சேரு."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நண்பர்களும் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். ஃபோட்டினி மட்டும் வாசலில் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை இரண்டு தடவை கட்டினாள். அப்புறம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

லாம்ப்ரோஸ் ஏப்ரனோடு வந்தான். இளைத்திருந்தான். அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வாங்க. குடிக்க என்ன வேணும் மேடம்?"

கூடப் பிறந்தவன் வாயிலிருந்து வந்த அந்த 'மேடம்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "தண்ணி போதும்" என்றாள், அவளும் சுவரைப் பார்த்து.

கால் மணி நேரத்தில் தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு. தனிப் பாத்திரம், தனி எண்ணெய், தனிக் கரண்டி என்று நேற்றிலிருந்து அவன் தூங்கவில்லை என்பதை அவன் கண்ணே சொன்னது.

"கோதுமை ஆகாதவங்க யாருங்க?"

ஒருவரும் கை தூக்கவில்லை.

"பூண்டு?"

நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பால்? எலுமிச்சை?" அவன் குரல் இறங்கியது.

ஹேமிஷ்தான் வாயைத் திறந்தான். "ப்ரோ, வேற மேஜையோடதை மாத்திக் கொண்டு வந்துட்டீங்கபோல. நாங்க கல்லைத் தவிர எல்லாம் தின்போம். பூண்டு ரொட்டி இருக்கா?"

மற்ற நான்கு பேரும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

லாம்ப்ரோஸ் கையில் இருந்த தட்டை மெதுவாக மேஜையில் வைத்தான். முதல் முறையாக ஃபோட்டினியின் முகத்தைப் பார்த்தான்.

"அப்போ இதெல்லாம் யாருக்குக்கா?"

அவள் தலை நிமிரவில்லை. குரல் மட்டும் உடைந்து வந்தது.

"வேற எப்படிடா நான் உள்ள வர்றது?"