குதிரை நின்ற பக்கம்

இங்கிலாந்திலிருந்து வந்த அந்தக் குதிரை ஏற்றும் டிரெய்லரில் வலது சக்கரத்தின் பிரேக் ஷூக்கள் மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தன. இடது பக்கம் பாதிகூடத் தேயவில்லை. கேபிள், டிரம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை.

“அதுக்கு வண்டி என்ன பண்ணும்?” என்றார் டிரைவர் தஸ்தகீர். ஒன்பது வருடமாக அதை ஜீப்பில் கட்டி இழுத்தவர். “நான் வலப்பக்கம்தானே உக்காந்து ஓட்டுவேன். ஜன்னலைத் திறந்துவச்சு குதிரைகிட்டப் பேசிக்கிட்டே போவேன். கேக்கணும்னு இந்தப் பக்கமே சாஞ்சு நிக்கும்.”

குதிரை போன மாதம் செத்துவிட்டது. டிரெய்லரை அவருடைய முதலாளி விற்கப்போகிறார்.

புது ஷூக்களைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிடிக்கும்படி சரிசெய்தேன். ஓட்டிப் பார்த்தபோது எங்கோ கிரீச்சென்றது. என் வீட்டில் பேச ஆள் கிடையாது. சத்தங்களை மட்டும் நன்றாகக் கேட்பேன். எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க, குதிரை நிற்கும் இடத்தில் நானே ஏறி நின்றேன். உள்ளே இன்னும் கொள்ளு வாடை இருந்தது. தஸ்தகீர் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது, இடது சக்கரம்தான். நிறுத்தச் சொல்லித் தட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன்.

அப்போது முன்னாலிருந்து அவர் குரல் வந்தது. “இறக்கம் வருதுடா ராஜா. பயப்படாத. நான் மெதுவாத்தான் போவேன்.”

கையை இறக்கிக்கொண்டேன். பிறகு இன்னும் தெளிவாகக் கேட்பதற்காக, வலப்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றேன்.