அலறல் பயிற்சி

“சாயங்காலமானா இங்க யாரையோ கொலை பண்ற மாதிரி அலறல் கேக்குதுன்னு புகார் வந்திருக்கு,” என்றார் பெண் இன்ஸ்பெக்டர், கதவைத் திறந்த அவளிடம்.

அவள் பின்னாலேயே வந்த கணவன் சிரித்தான். “கொலை இல்ல மேடம், கச்சேரி. இவ சாக்ஸபோன் கத்துக்கிறா. நவீன இசையாம், ஊதிக்கிட்டே தொண்டையால அலறணுமாம். பயிற்சிப் புத்தகத்துலயே போட்டிருக்கு, பாருங்க.”

புத்தகத்தைப் புரட்டிய இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது. “நேத்தும் இதேதானா?”

“ஒரு மணி நேரம் மேடம். காது போச்சு.”

“எங்கே, கொஞ்சம் ஊதிக் காட்டும்மா.”

“ஊதுடி,” என்றான் செல்லமாக.

அவள் கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து வாத்தியத்தைக் கவ்வினாள். வெறும் காற்று வந்தது. பிறகு மோவாயில் ரத்தம் வழிந்தது. வெளியே தெரியாமல் அடிப்பதில் அவன் கெட்டிக்காரன்.

“உதடு உள்பக்கம் கிழிஞ்சிருக்கு மேடம்,” என்றாள். “நாலு நாளா நான் இதைத் தொடவே இல்ல.”