தேவமணி விட்டால்தான் கியர்

"முன் சீட்டுல நான் உக்கார மாட்டேன் சார்வாள். அது தேவமணி இடம்" என்று சொல்லிவிட்டு, பாக்கியசீலன் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மையப்பன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். காலி சீட்டில் ஒரு பஞ்சு மெத்தை. அதன் நடுவே, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் ஒரு பள்ளம்.

அம்மையப்பன் பயப்படுகிற ஆள் இல்லை. இயற்பியல் வாத்தியார். பேய் கிடையாது என்று பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நிரூபித்துக் காட்டுகிறவர். கிளட்ச் என்று ஒன்று உண்டு என்பதைத்தான் தன் இடது காலுக்கு இன்னும் நிரூபிக்க முடியவில்லை.

அதனால்தான் கிளட்ச் இல்லாத இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கலாமா என்று ஓட்டிப் பார்க்க வந்திருந்தார். "இன்னைக்காவது ஒரு வண்டியை முடிச்சுட்டு வாங்க, கார் வாங்கிட்ட எங்க அண்ணன் முகத்துல முழிக்க முடியல" என்று மனைவி கோமு சொல்லி அனுப்பியிருந்தாள். தரகர் மாரிராஜும் அடித்துச் சொல்லியிருந்தார்: "வண்டிக்குச் சொந்தக்காரரு பாக்கியசீலன், சர்ச்சுல சபை மூப்பர். அம்பாசமுத்திரத்துலயே வாயில பொய் வராத மனுசன்."

வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி மணிமுத்தாறு ரோடு வரைக்கும் பாக்கியசீலன்தான் ஓட்டி வந்தார். கியர் மாறும்போதெல்லாம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பாவம், மூட்டுவலி போலிருக்கிறது என்று பின் சீட்டிலிருந்த அம்மையப்பன் நினைத்துக்கொண்டார்.

இனி அம்மையப்பன் முறை. மாஞ்சோலை மலை மேல் மேகம் இறங்கி, பட்டப்பகலிலேயே ரோடு மங்கிக் கிடந்தது.

"ஏத்தத்துல கியரை நாமளே மாத்திக்கிடலாம். லிவரை இங்கன தள்ளி, முன்னயும் பின்னயும் தட்டணும்" என்றார் பாக்கியசீலன் பின்னாலிருந்து.

அம்மையப்பன் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே லிவரைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இஞ்சின் முனகியது. மறுபடியும் தட்டினார். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழித்து, 'தடக்'. யாரோ தோளைப் பிடித்து நிறுத்திப் பிறகு விட்டதுபோல் வண்டி குலுங்கியது.

"லேட்டா விழுதே அண்ணாச்சி?"

"தேவமணிக்கு வேகம் ஆகாது. கியரைத் தொட்டாலே 'பைய, பைய'ம்பா."

"வீட்டம்மாவா? அவங்க இப்ப..."

பாக்கியசீலன் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார். "நித்திரையில இருக்கா" என்றார் மெல்ல.

அம்மையப்பனுக்குப் புரிந்துவிட்டது. பாளையங்கோட்டைச் சுவர்களில் அவர் பார்க்காத மரண நோட்டீஸா? ரோஜாப்பூ போட்டு, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று.

"அடடா... உடம்புக்கு ஏதும்?"

"ஒண்ணும் இல்ல. சாப்பிட்டா, படுத்தா. ஒரு சத்தம் கிடையாது. அப்படியே கண்ணை மூடிட்டா."

நல்லவர்களுக்குத்தான் அப்படி வாய்க்கும் என்று ஆறுதல் சொல்ல அம்மையப்பன் வாயெடுத்தார். அதற்குள் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏற, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து, கீங் கீங் என்று மணி அடித்தது. இடது சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

"அ... அங்க யாரும் இல்லையே அண்ணாச்சி!"

"அவ உக்காந்தாலும் இப்படித்தான் அடிக்கும். பெல்ட்டுன்னா அவளுக்கு ஆவாது." பாக்கியசீலன் எக்கி, காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

வைப்பர் ஓடாத கண்ணாடியில் தூறல் விழுந்தது. பாக்கியசீலன் காலி சீட்டின் முதுகைத் தடவினார். "தினமும் சாயங்காலம் அவளும் நானும் அணைக்கட்டு வரைக்கும் வருவோம் சார்வாள். இந்த வண்டி போச்சுன்னா எங்க ரெண்டு பேருக்கும் சாயங்காலம்னு ஒண்ணு கிடையாது. கரோலினுக்கு, எங்க மகளுக்கு, அது விளங்கல. 'கியர் லேட்டா விழுது, இந்த வயசுல உங்களுக்கு ஆபத்து, வித்துருங்க'ன்னு மஸ்கட்ல இருந்து ஒத்தக்கால்ல நிக்கா."

"தி... தினமுமா? நேத்தும் வந்தாங்களா?"

"ஆமா. நேத்து மழை. கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிக்கிட்டே வந்தா."

அம்மையப்பனின் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை விட்டது. கை லிவரில் இடித்தது. அந்தக் கணமே கியர் வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் விழுந்தது.

"இது! இப்படி விழுந்தாத்தான் தேவமணிக்குப் பிடிக்கும்" என்றார் பாக்கியசீலன்.

அதற்கு மேல் அந்த ஸ்டியரிங்கை இயற்பியல் தொடவில்லை. திரும்பி வரும்போது பாக்கியசீலன் ஓட்ட, அம்மையப்பன் பின் சீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் குதித்து இறங்கினார். "கோமுவுக்கு இந்தக் கலர் பிடிக்காது அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார்.

தெருமுனையில் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் ஹெல்மெட் காரிலேயே கிடப்பது உறைத்தது. விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தார். ஹெல்மெட் கோமு வாங்கிக் கொடுத்தது. எந்தப் பயம் பெரிது என்று நிறுத்துப் பார்த்துவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

பாக்கியசீலன் இவரைக் கவனிக்கவில்லை. முன் சீட்டு மெத்தையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு கொட்டாவிச் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல்:

"ஏங்க, இன்னைக்கும் என்னையக் கொன்னுதான் காரைக் காப்பாத்துனியளா?"