ஏழு மணிச் சிவப்பு

இரண்டாம் வகுப்பு சஷ்டிகா மூன்றாவது முறையாகப் பக்கத்துப் பெண்ணைக் கடித்ததும், பள்ளியில் சஷ்டிகாவின் கையில் மனநிலை காட்டும் மின்னணுப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மனம் அமைதியாக இருந்தால் பச்சை. பதறினால் சிவக்கும், அந்த நேரம் பள்ளிக்கும் தெரிந்துவிடும்.

"தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சிவக்குது. அந்நேரம் வீட்டுல என்னங்க நடக்குது?" என்று டீச்சர் போனில் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க மிஸ்," என்றாள் அம்மா சுகந்தி.

மறுநாளிலிருந்து ஆறரைக்கே பட்டையைக் கழற்றி, தொட்டிலில் தூங்கும் எட்டு மாதப் பாப்பாவின் கையில் சுற்றிவிட்டாள். இரண்டு நாளும் பச்சை. "இப்பப் பரவால்லீங்க, நல்லா மாறிட்டா," என்றார் டீச்சர். சுகந்திக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் பாப்பா தூங்கவில்லை. கால்களை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு வாசலில் பைக் வந்து நின்றது. கணவர் கேட்டைத் தள்ளும் சத்தத்திலேயே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். கேட் சுவரில் மோதியது.

பாப்பாவின் சிரிப்பு நின்றது. பட்டை சிவந்தது.

சுகந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சஷ்டிகா ஓடிவந்து தங்கையின் காதுகளைப் பொத்தினாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா," என்றாள், அம்மாவின் குரலிலேயே.