முதல் பங்கு

ஜீப்பின் முன் இருக்கையில் ஸெலிப்பாவை உட்காரவைத்திருந்தார்கள். யானை ஆராய்ச்சி முகாமில் இத்தனை வருடம் சமைத்துத் துவைத்திருக்கிறாள். அந்த இருக்கையைத் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை.

வண்டி புளியமரத்தடியில் நின்றது. கீழே ஆற்று மடுவில் ஆண் யானைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"அவசரமில்ல தாயி," என்றார் வனத்துறை அதிகாரி சக்காலா. துப்பாக்கி அவர் மடியில் கிடந்தது. "உன் புருஷனக் கொன்னது எதுன்னு நல்லாப் பாத்துக் கைகாட்டு. அத மட்டும் சுடுறேன்."

அந்த 'மட்டும்' மரைக்கே வாங்கிக்கொடுத்தது.

மரைக்கே பின் இருக்கையில் இருந்தாள். ஜெர்மனிக்காரி. கைக்காசு போட்டு வந்து யானைச் சாணம் அள்ளி எண்ணுகிறவள் என்று ஊரில் அவளைப் பற்றிச் சிரிப்பார்கள். கண்ணில் பட்டதைச் சுடக் கூடாது, குற்றம் செய்ததைத்தான் சுடவேண்டும், பார்த்தவள் இருக்கிறாள், அவளைக் கேளுங்கள் என்று அதிகாரியின் அலுவலகத்தில் போய் நின்று சண்டை போட்டவள் அவள்தான்.

இன்று அவளுக்குக் கடைசி நாள். பெட்டிகள் வண்டியிலேயே இருந்தன. இது முடிந்ததும் இதே வண்டியில் விமான நிலையத்துக்குப் போகவேண்டும்.

போன வாரம் நிலா வெளிச்சத்தில் வந்த யானை, ஸெலிப்பாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த சோளக் குதிரின் கூரையைப் பிய்த்தது. அவள் புருஷன் யோத்தாமு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடினான். விடிவதற்குள் ஒரு வருடத்துச் சோளமும் போயிற்று, யோத்தாமுவும் போனான்.

ஸெலிப்பா அழவில்லை. புதைத்த மறுநாள் முகாமுக்கு வந்து படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டாள். வீட்டில் பிள்ளைகள் பச்சை மாங்காயை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தன.

மேட்டில் ஊர் காத்திருந்தது. கையில் பேசின், கோடாலி, சாக்கு. யானை விழுந்தால் கறி ஊருக்கு. முதல் பங்கு செத்தவன் வீட்டுக்கு.

"போன தடவை இவரு சுட்டு, மரந்தான் செத்துச்சு," என்று அங்கே ஒரு கிழவர் சொல்வது கேட்டது. நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஸெலிப்பாவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒற்றைக் கொம்பன் சேற்றில் தள்ளி நின்றது. இடது கொம்பு அடியோடு முறிந்திருந்தது. அன்றிரவு அது திரும்பியபோது நிலா அந்த மொட்டையில் பட்டிருந்தது.

உலை கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். ஆத்திரம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

பிறகு கிட்டத்தில் நின்ற பெரிய யானையைப் பார்த்தாள். நல்ல உடம்பு. காதில் ஓட்டை. மரைக்கே அதற்குத் தன் தாத்தாவின் பெயரை வைத்து ஒட்டோ என்று கூப்பிடுவாள். ஒட்டோ இன்று மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டது, ஒட்டோ இன்று குட்டிக்கு வழி விட்டது என்று சாயங்காலமானால் அடுப்படியில் வந்து நின்றுகொண்டு சொல்வாள்.

"இதுதான்," என்றாள் ஸெலிப்பா.

பின் இருக்கையிலிருந்து மரைக்கே முன்னால் சாய்ந்தாள்.

"அம்மா, நல்லாத் தெரியுமா? கிட்ட நிக்கிதே, அதா?" மரைக்கே பேசக் கற்றுக்கொண்டிருந்த அரைகுறைப் பேச்சு இன்னும் உடைந்து வந்தது.

"அதேதான்."

சக்காலா இறங்கினார். ஒரு வெடி. ஒட்டோ முன்னங்கால்களில் உட்கார்ந்தது, வேலை முடித்த மனிதன் உட்காருவதுபோல. இன்னொரு வெடி. மற்ற யானைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரைக்கு ஓடின.

மரைக்கே தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எட்டி ஸெலிப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கம்மா. உங்க வீட்டுக்காரரக் கொன்னதப் பத்தி... உங்ககிட்டயே வந்து வந்து நான்..."

அவள் கண்ணீர் ஸெலிப்பாவின் விரல்களில் விழுந்தது. ஸெலிப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது யாருடையதோ போல அங்கே கிடந்தது.

"பத்திரமாப் போயிட்டு வா," என்று சொல்லி இறங்கினாள்.

சக்காலா ஏறியதும் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஊர் மேட்டிலிருந்து இறங்கி ஓடியது.

யோத்தாமுவின் தங்கை திசாவுகே கோடாலியும் பேசினுமாக வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். அன்றிரவு அவளும் அதே வாசலில் நின்றவள்.

"கண்ணு அவிஞ்சு போச்சா அண்ணி? எங்கண்ணன மிதிச்சவன் அந்தா கரையேறிப் போறான். ஒத்தக் கொம்பன்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

ஸெலிப்பா அவள் கையிலிருந்து பேசினை வாங்கிக்கொண்டாள்.

"மனுசனக் கொன்னத அந்த மனுசன் வீட்டுல யாரு வாயில வைப்பா? அது விழுந்தா ஊரே திங்கும். உங்கண்ணன் பிள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்கும்."

திசாவுகே அக்கரையைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

அதற்குள் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். முழங்கை வரை ரத்தமாக ஒருவன் நிமிர்ந்து கத்தினான்:

"செத்தவன் வீடு யாருப்பா? முன்னால வாங்க."

ஸெலிப்பா பேசினை நீட்டினாள்.